கூண்டிலிருந்து ஓர் இருமல்

"கனவுல நீங்க சொன்னதும் சொன்னதுதானே அத்தா?"

கமர்ஜஹானுக்கு ஐந்து வயது நடக்கும்போது ஒரு காலையில் இப்படிக் கேட்டாள். பாயை விட்டு எழுந்ததும் நேராக வந்து, தோல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாகுல் ஹமீதின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பச்சை வளையல் வாங்கித் தாரேன்னு சொன்னீங்கள்ல? எங்கே?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"இப்பத்தான். கனவுல."

சாகுல் ஹமீது விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்று முழுவதும், தோலை விரித்துப் பார்க்கும்போதும் சுருட்டிக் கட்டும்போதும், அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. பிள்ளை காதால் கேட்டிருக்கிறாள். தன் குரலில்தான் கேட்டிருக்கிறாள். பொய் என்று எப்படிச் சொல்வது? அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து மகள் கையில் போட்டுவிட்டார்.

அவர் மனைவி அஜீஸுன்னிசா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கனவுல கேட்டதுக்கெல்லாம் வாங்கிக் குடுத்தா, நாளைக்கு நானும் தூங்கி எந்திரிச்சு வந்து கையை நீட்டுவேன். காசுமாலைதான் கேப்பேன், பாத்துக்கங்க" என்றாள்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தேழாம் வருஷம் பங்குனி மாதத்தில், கோர்ட் சேவகன் ஒருவன் பேகம்பூரில் சாகுல் ஹமீதின் கடைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். திண்டுக்கல் கோர்ட்டில் ஒரு திருட்டு வழக்கு வருகிறது. ஜூரியாக இருக்க வந்து சேர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நோன்பு மாதம். வேறு நாள் கிடைக்காதா என்று கேட்டார்.

"கல்யாணமா பாய், நாள் பாத்து வைக்க?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் சேவகன்.

கோர்ட்டில் பேர்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஐந்து சீட்டில் ஒன்று அவருடையது. ஓய்வு பெற்ற வாத்தியார் பவுல்ராஜ், கடலை எண்ணெய் வியாபாரி கருப்பணன், இன்னும் இரண்டு பேர், கடைசி நாற்காலியில் சாகுல் ஹமீது. பவுல்ராஜ் இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால் அவரையே தலைவராக வைத்துக்கொண்டார்கள். எதையும் கூட்டாமல் குறைக்காமல், கேட்டதைக் கேட்டபடி எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்வேன் என்று இறைவன் பேரால் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது சாகுல் ஹமீதுக்கு, தொழுகையில் நிற்பதுபோல் முதுகு தானாக நிமிர்ந்தது.

வழக்கு இதுதான். ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமம். அங்கே தக்காளியும் வெங்காயமும் போடுகிற ஆண்டிச்சாமி என்ற முப்பது வயதுக்காரன். மாசி மாதம், அமாவாசைக்கு முந்திய நாள் விடியற்காலையில், அவன் திண்டுக்கல்லில் ஒரு கமிஷன் மண்டிக்காரர் வீட்டின் பின்கதவை உடைத்து உள்ளே போய், ஒரு சங்கிலியும் வெண்கலப் பாத்திரங்களும் திருடிக்கொண்டு போனான் என்பது புகார். அதற்கு முந்திய நாள்தான் அவனுக்கும் மண்டிக்காரருக்கும் எடை விஷயமாகப் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. களவு போன பொருள் எதுவும் அவனிடம் அகப்படவில்லை. ஆனால் உடைந்த கதவுக்குப் பக்கத்தில் அவனுடைய சிவப்புக்கரைத் துண்டு கிடந்தது. மண்டிக் காவல்காரர் செபஸ்தியான், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஓர் ஆள் அந்த வீட்டுச் சுவரேறிக் குதித்ததைப் பார்த்ததாகச் சொன்னார்.

"அது இவன்தானா?" என்று நீதிபதி கேட்டார்.

"இவன் ஒசரம்தாங்க இருந்துச்சு. முதுகைத்தான் பாத்தேன்."

அது முதல் நாள். இரண்டாம் நாள் பிற்பகலில் ஆண்டிச்சாமிக்கு இருந்த ஒரே சாட்சி கூண்டில் ஏறினாள். அய்யம்மாள் என்று பெயர். பூந்தோட்டம் வைத்துப் பிழைக்கிற விதவை. ஆண்டிச்சாமியின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவளுடையது. இடது கை மணிக்கட்டு எலும்பு கூடியும் கூடாமலும் கோணி நின்றது. மாடு முட்டித் தள்ளியதில் மாசி மாதம் கை ஒடிந்ததாக அவள் சொல்ல ஆரம்பித்ததுவரை சாகுல் ஹமீதுக்கு நன்றாக நினைவிருந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவரால் பின்னாளில் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. நோன்புக்காக விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர் அதன்பிறகு படுக்கவில்லை. தொண்டை வறண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் கரைந்து, ஆடி, மிதப்பதுபோல் இருந்தது. தலைக்குமேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது. கிறீச்... கிறீச்... அது மின்விசிறியின் சத்தம் இல்லை, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை உருளையின் சத்தம்.

கிணற்றடியில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்குகின்றன. வடம் இழுபடுகிறது. தண்ணீர்ச் சால் மேலே வருகிறது. அதன் அடியில் யானைத் துதிக்கைபோல் தொங்குகிற தோல் தும்பி வாயைத் திறந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டுகிறது. தண்ணீர் பூப்பாத்தியைப் பார்த்து ஓடுகிறது. ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி வாய்க்காலில் வாயை வைத்துக் குடிக்கிறது. வரப்பின்மேல் கமர்ஜஹான் பச்சை வளையல்களோடு உட்கார்ந்திருக்கிறாள். எங்கேயோ ஒரு பெண்குரல் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரோடு தண்ணீராக அந்தக் குரலும் ஓடுகிறது. திடீரென்று தும்பி கிழிகிறது. தண்ணீர் எல்லாம் திரும்பக் கிணற்றுக்குள் விழுகிறது, ஆழத்தில், வெகு ஆழத்தில். தலையில் துண்டு இல்லாத ஒருவன் கிழிந்த தோலைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறான். தோலைத் தனக்குத் தெரியுமே, வாங்கிப் பார்க்கலாம் என்று சாகுல் ஹமீது கையை நீட்டுகிறார்...

பெரிய இருமல் ஒன்று வெடித்தது.

சாகுல் ஹமீது கண்ணைத் திறந்தார். கோர்ட் முழுவதும் கைதிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் இருமினான். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவன் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

"என்ன சத்தம் அங்கே? சாட்சி பேசும்போது ஒழுங்காக நிற்கத் தெரியாதா?" என்றார் நீதிபதி.

"தொண்டையில என்னமோ சிக்கிக்கிச்சுங்க எசமான். மன்னிக்கணும்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு ஜூரிமார் பக்கம் திரும்பினார். "சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?"

"இல்லை ஐயா" என்றார் பவுல்ராஜ். அய்யம்மாள் கும்பிட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினாள்.

அப்போதுதான் சாகுல் ஹமீதுக்கு நடந்தது புரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் போயிருந்தது. அந்த மனுஷி பேசியது முழுவதும் போயிருந்தது. அவர் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். அவனும் பார்த்தான். கட்டிலோரத்தில் புரண்டு படுத்த பிள்ளையை, விழுந்துவிடாமல் உள்ளே தள்ளிப் படுக்க வைத்த ஒருவன் பார்ப்பதுபோல் அந்தப் பார்வை இருந்தது. அதில் கோபம் இல்லை. உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. நீதிபதி எந்த நேரமும் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார் என்று தெரிந்து, நோன்பு வைத்த மனுஷன் நாலு பேர் முன்னால் அவமானப்படக் கூடாது என்று இருமியிருக்கிறான். தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியம் இவருடைய தூக்கத்தில் வீணாய்ப் போனதைப் பார்த்துக்கொண்டே இருமியிருக்கிறான்.

கோர்ட் கலைந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"நாளைக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார் கருப்பணன். "ஒரு பைசா கூலியில்லாம பதினஞ்சு நாளு அடுத்தவ தோட்டத்துக்குக் கமலை இறைச்சானாம். பூக்காரியில்ல? நம்ம காதுலயே சுத்திட்டா."

"வக்கீல் சொல்லிக் குடுத்ததா இருக்கும்" என்றார் பவுல்ராஜ்.

மற்றவர்கள் போனதும் சாகுல் ஹமீது பவுல்ராஜை நிறுத்தினார். "வாத்தியாரய்யா, ஒரு தப்பு நடந்து போச்சு. அந்தம்மா பேசுனப்ப நான் தூங்கிட்டேன்."

பவுல்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமாகத் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தவர். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "எம்புட்டு நேரம் பாய்?"

"முழுக்க."

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க. சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஜூரியைக் கலைச்சாலும் கலைச்சிருவாக. திரும்ப முதல்ல இருந்து கேஸ் நடக்கணும். அடுத்த தடவை எப்ப எடுப்பாகளோ. அதுவரைக்கும் அந்தப் பய ஜெயில்ல கிடக்கணும். வெள்ளாமை போயிரும். நீங்க அவனுக்கு நல்லது செய்யிறதா நினைச்சுக் கெடுத்திருவீங்க. பேசாம எங்களோட சேந்து கையைத் தூக்குங்க."

"நீங்க எந்தப் பக்கம் தூக்குவீங்க?"

"துண்டு கிடந்திருக்கே பாய்."

மாலையில் நோன்பு திறக்கும் நேரம். அஜீஸுன்னிசா கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லியும் அவர் கை கிண்ணத்துக்குப் போகவில்லை.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"கோர்ட் சமாச்சாரம். வெளியே பேசப்படாது."

"பேச வேண்டாம். கஞ்சி குடிக்கலாம்ல? அதுக்கும் நீதிபதி உத்தரவு வேணுமா?"

ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். எதிரே கமர்ஜஹான் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வளையல்களில் பதினொன்று எப்போதோ உடைந்துபோயின. ஒன்று மட்டும் மிச்சம். கை பெருத்துவிட்டதால் அதைக் கழற்ற முடியாமல் அப்படியே கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவருக்குப் பழைய கேள்வி நினைவு வந்தது.

கனவில் ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. தும்பி கிழிந்தது. துண்டில்லாத ஒருவன் நின்றான். வெள்ளைக் கன்று தண்ணீர் குடித்தது. இதில் எது அய்யம்மாள் சொன்னது, எது வெயிலும் பசியும் சொன்னது? தனக்கே தெரியாததை வைத்துக்கொண்டு ஒருவன் வாழ்க்கையை எப்படி எடை போடுவது?

மற்றவர்களோடு சேர்ந்து குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அது கேட்காத சாட்சிமேல் சொன்ன தீர்ப்பு. சரி, அவன் நல்லவன், எனக்காக இருமினான், அதனால் குற்றவாளி இல்லை என்று சொல்லிவிடலாமா? மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அதுவும் சரியில்லை என்று பட்டது. இருமலை வாங்கிக்கொண்டு விடுதலையைக் கொடுத்தால் அது லஞ்சம். கொடுத்தவன் அப்படி நினைக்கவில்லை என்றாலும் வாங்கியவனுக்கு அது லஞ்சம்தான். அவனுக்குத் தான் பட்ட கடன் வேறு. இறைவன் பேரால் செய்த சத்தியம் வேறு. அந்தக் கடனை வேறு எங்காவதுதான் தீர்க்க வேண்டும். இந்த நாற்காலியில் உட்கார்ந்து தீர்க்கக் கூடாது.

தொழுகையில் நெற்றி தரையில் பட்டபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு எழுந்து நிற்கிறபோது கால் நடுங்காமல் இருக்க வேண்டும்.

கால் நடுங்கத்தான் செய்தது. மறுநாள் நீதிபதி வந்து உட்கார்ந்ததும் சாகுல் ஹமீது எழுந்து நின்றார். பவுல்ராஜ் அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நேத்து அந்தம்மா சாட்சி சொன்னப்ப தூங்கிட்டேன். ஒண்ணும் கேக்கலை. கேக்காம தீர்ப்புச் சொல்ல முடியாதுங்க."

பின்வரிசையில் யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். சர்க்கார் வக்கீல் எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஜூரியைக் கலைக்க வேண்டும் என்கிறார் என்பது அவர் கை அசைந்த விதத்திலேயே தெரிந்தது. கூண்டில் ஆண்டிச்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

நீதிபதி சாகுல் ஹமீதின் பக்கம் திரும்பினார். "நீங்கள் தூங்கியது எனக்கே தெரியாது. எப்போது விழித்தீர்கள்?"

"இருமல் சத்தம் கேட்டுங்க ஐயா."

நீதிபதியின் பார்வை மெதுவாகக் கைதிக் கூண்டின் பக்கம் போனது; அங்கே ஒரு கணம் நின்றது; திரும்பி வந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, எழுதவுமில்லை.

"சாட்சி வெளியேதானே இருக்கிறாள்? மறுபடி கூப்பிடுங்கள். ஐந்து பேரும் முதலிலிருந்து கேட்கட்டும். இரண்டு பக்கமும் ஆட்சேபணை இல்லையே?" என்றார். சர்க்கார் வக்கீல் ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அய்யம்மாள் ஏறினாள். பயந்திருந்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் நீதிபதி. "நேற்றுச் சொன்னதையே சொல்லு."

அவள் சொன்னாள். கை ஒடிந்தது. ஆண்டிச்சாமி தினமும் கோழி கூப்பிட வந்து, அவள் மாட்டையே பூட்டி, அவள் பூவுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத் தன் தோட்டத்துக்குப் போவான். அமாவாசைக்கு முந்திய நாளும் வந்தான்.

"கூலி என்ன குடுத்தே?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"கூலி வாங்க மாட்டேன்னுட்டான் சாமி."

"பதினைந்து நாள் சும்மா இறைத்தானா?"

"என் கை ஒடிஞ்சு கிடக்கே சாமி. பூச்செடி காயுதுல்ல?" இதற்குமேல் காரணம் என்ன வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கருப்பணன் தொடையைத் தட்டிக்கொண்டார். பவுல்ராஜ் கூரையைப் பார்த்தார். அவள் சொன்னதில் தும்பி இல்லை. துண்டும் இல்லை. சாகுல் ஹமீது மறுபடி எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கள்."

"ஏம்மா, அன்னைக்கு இறைக்கும்போது ஏதாச்சும் தடங்கல் வந்துச்சா?"

அய்யம்மாளின் முகம் மாறியது. "வந்துச்சு சாமி. நேத்தே சொன்னேன். நம்ம வக்கீலய்யா தேவையில்லாததைப் பேசாதேன்னாக, அதான் இன்னைக்கு விட்டுட்டேன். நாலு சாலு இறைக்கங்குள்ள தும்பி கிழிஞ்சு போச்சு."

நீதிபதி தம் காகிதங்களைப் புரட்டினார். "ஆமாம், நேற்று ஏதோ தும்பி என்று சொன்னாள். வழக்குக்கு வேண்டாத விஷயம் என்று நான் எழுதவில்லை. மேலே கேளுங்கள்."

தோல் என்று வந்ததும் சாகுல் ஹமீதுக்கு நடுக்கம் நின்றுவிட்டது. கடையில் வாடிக்கைக்காரரிடம் பேசுவதுபோல் கேட்டார்.

"கிழிஞ்ச தும்பியை என்னம்மா செஞ்சீங்க?"

"அவன்தான் தெச்சான். பழைய தோலு, ஓரமெல்லாம் காஞ்சு வெறைச்சுக் கிடந்துச்சு. ஊசி எறங்கலை. தொட்டித் தண்ணியில ஊறப் போட்டுட்டு உக்காந்திருந்தோம்."

"எம்புட்டு நேரம் ஊறுச்சு?"

"நல்லா வெயில் ஏறிப்போச்சு. செத்த நேரத்துல ஊறுற தோலா அது? அதுவரைக்கும் கஞ்சி குடிச்சுக்கிட்டு, எடை போட்டவனைத் திட்டிக்கிட்டு இருந்தான்."

"எதை வச்சுத் தெச்சாரு? தோல் வார் இருந்துச்சா?"

"வாருக்கு எங்க போறது? 'தலைத்துண்டு இருந்தா கரையைக் கிழிச்சுத் திரிச்சிருப்பேன், அதைத்தான் சண்டை போட்ட கோவத்துல நேத்து மண்டியிலயே விட்டுட்டு வந்துட்டேன் அத்தை'ன்னு தலையைத் தடவிக்கிட்டான். பெறகு என் பழைய சேலைக் கரையைத்தான் கிழிச்சுக் குடுத்தேன்."

ஆண்டிச்சாமியின் வக்கீல், நேற்று அவளைப் பேசவிடாமல் நிறுத்தியவர், பேனாவைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

சாகுல் ஹமீது இன்னும் ஒன்று கேட்டார். "ஈரத் தோலுல துணித்திரி வச்சுத் தெச்சா, காஞ்சதும் தையல் அறுத்துக்கிடுமே. எத்தனை நாள் நின்னுச்சு?"

"மூணே நாளு சாமி! நாலாம் நாளு பழையபடி வாயைப் பொளந்துக்கிச்சு!" என்றாள் அய்யம்மாள், அன்றைக்குப் பட்ட எரிச்சல் அப்படியே குரலில் வர. "நல்ல தோலா வாங்குடான்னு அவனையே வைதேன்."

கோர்ட் முழுவதும் சிரித்தது. நீதிபதிகூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். சொல்லிக்கொடுத்த சாட்சி நன்றாகத் தைத்தான் என்றுதான் சொல்லும். மூன்று நாளில் அறுந்துபோனதை எந்த வக்கீலும் சொல்லிக்கொடுக்க மாட்டார். தோல் விற்கிறவருக்குத் தெரிந்த இந்த உண்மை, சிரித்த எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

"இன்னொண்ணே ஒண்ணும்மா. உங்ககிட்ட வெள்ளைக் கன்னுக்குட்டி இருக்கா?"

"எங்கிட்ட ஏது சாமி கன்னுக்குட்டி? ரெண்டு கெழட்டு மாடு, அதுல ஒண்ணு என் கையை ஒடிச்சது. அம்புட்டுத்தான்."

சாகுல் ஹமீது உட்கார்ந்தார். கன்று கனவு. தும்பி நிசம். தூங்கிய காதும் கேட்டிருக்கிறது. எதைக் கேட்டது, எதைத் தானே கற்பனை செய்தது என்று பிரித்துக்கொள்ள, எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு சர்க்கார் வக்கீலும் அய்யம்மாளைக் கேட்டுப் பார்த்தார். நாள் எப்படி நினைவிருக்கிறது என்றார். அமாவாசைக்குப் பூக்கேட்டு வந்தவர்களைத் தண்ணீர் பாயாமல் பூ வாடிப்போய் வெறுங்கையோடு அனுப்பியது மறக்குமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஜூரிமார் தனியறைக்குப் போனார்கள்.

"எனக்கு இன்னமும் அந்தக் கூலி விஷயம் செரிக்கலை" என்றார் கருப்பணன். "உலகத்துல எவனாச்சும் சும்மா செய்வானா?"

சாகுல் ஹமீதுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஒருவன் சும்மா செய்ததை நேற்று நான் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது இந்த வழக்கின் சாட்சி இல்லை. அதை விழுங்கிக்கொண்டு, "உங்க கடைக்கு எதிர்ல போன வருஷம் வண்டி கவுந்தப்ப நீங்க சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு எறங்கித் தூக்குனீங்களே முதலாளி, என்ன கூலி வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பவுல்ராஜ் தலையை ஆட்டிக்கொண்டார்.

நாலு பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். கருப்பணன் மட்டும், துண்டு மண்டியிலிருந்து பின்கதவுக்கு நடந்தா போயிற்று என்று கேட்டுத் தனியாகவே நின்றார். நீதிபதி நாலு பேர் சொன்னதை ஏற்றுக்கொண்டார். பின்கதவை உடைத்தவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் அய்யம்மாள் ஒடிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டிச்சாமி வெயிலில் நின்று, தலைக்குக் கட்ட எதுவும் இல்லாமல், கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தான். சாகுல் ஹமீது அவனைத் தாண்டி நடந்தார். இனிமேல் பேசலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. விடுதலையைக் காட்டி இருமலுக்குக் கணக்கு நேர் செய்ததுபோல் ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஊர் சும்மா விடவில்லை. பள்ளிவாசல் வாசலில் முனீர் என்ற உறவுக்காரர், "என்ன மச்சான், வீட்டுல தூக்கம் வரலைன்னா கோர்ட்டுக்குப் போகலாமாமே, நாற்காலி நல்லாயிருக்குமாமே?" என்றார். தோல் வாங்க வருகிறவர்கள், "தூங்குன ஜூரி கடை இதுதானே?" என்று அடையாளம் கேட்டார்கள். சாகுல் ஹமீது சிரித்துக்கொள்வார். இருமியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாலு வருஷம் ஓடிப்போயிற்று. கமர்ஜஹானின் கடைசி வளையலும் உடைந்துபோயிற்று. எங்கெங்கோ கிணறுகளில் மின்சார மோட்டார் வந்து, தும்பிக்குத் தோல் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

அறுபத்தொன்றில் ஓர் ஆனி மாதப் பகல். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய தோலை சைக்கிளில் கட்டிக்கொண்டு சாகுல் ஹமீது போய்க்கொண்டிருந்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. புளியமரங்கள் காற்றில் அசைந்து, நிழலும் வெயிலுமாக ரோடு தண்ணீர்போல் நெளிந்தது. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. சந்தையில் காய் இறக்கிவிட்டு வெறுங்கூடைகளோடு திரும்புகிற வண்டி. மாடுகள் தம் இஷ்டத்துக்கு ரோட்டின் நடுவே வந்துகொண்டிருந்தன. வண்டிக்காரன் கூடைகளுக்கு நடுவில் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் வந்ததும் சாகுல் ஹமீதுக்கு அந்த முகம் தெரிந்துவிட்டது. தலையில் சிவப்புக்கரைத் துண்டு கட்டியிருந்தான்.

பின்னால், திண்டுக்கல் பக்கமிருந்து, கேரளாவுக்குக் காய் ஏற்றப் போகும் லாரி வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. சாகுல் ஹமீது சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். மாடுகள் புது ஆளைப் பார்த்துத் தலையை உதறின. "ஹோ... ஹோ... ஒண்ணுமில்ல வா" என்று தடவிக்கொடுத்து வண்டியை ஓரத்துக்கு இழுத்தார். லாரி புழுதியை வாரி அடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் பாய்ந்து போயிற்று. மாடுகளின் மறைவில் நின்றிருந்த அவரை லாரிக்காரன் பார்க்கவில்லை. ஆண்டிச்சாமி தூக்கத்திலேயே ஏதோ முனகிவிட்டுப் புரண்டான்.

எழுப்ப மனம் வரவில்லை. எந்த நேரத்தில் எழுந்து சந்தைக்குப் போனானோ. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தான் வந்த வழியிலேயே, வண்டிக்கு முன்னால் மெல்ல நடந்தார். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது. ஒரு மைல் இருக்கும். அவன் ஊருக்குப் பிரிகிற மண்பாதை வந்தது. அங்கே வண்டியைத் திருப்பி, பாதையில் மாட்டை விட்டு, கயிற்றை நுகத்தில் சுற்றினார். இனி மாடுகளுக்கே வழி தெரியும். ஆனால் பாதையோரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு இருந்தது.

சாகுல் ஹமீது வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழு மூச்சையும் சேர்த்து, கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்படி ஓர் இருமல் இருமினார்.

"ஹை! ஹை!" என்று திடுக்கிட்டு எழுந்த ஆண்டிச்சாமியின் குரல் கூடைகளுக்கு அப்பால் கேட்டது. அவன் முதலில் மாட்டைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்து வண்டியை ஒதுக்கினான். வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்ப்பதற்குள் புளியமர நிழலில் யாரும் இல்லை.

சாகுல் ஹமீது ஒரு மைல் தூரத்தையும் நடந்து வந்து சைக்கிளை எடுத்தார். தொண்டை கொஞ்சம் எரிந்தது. வழியில் எங்கேயாவது தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே மிதித்தார்.